திருச்செந்தூரில் கடல் உள்வாங்குவது ஏன்? ஓத நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

அமாவாசை, பௌர்ணமி வந்தால் போதும், "திருச்செந்தூரில் கடல் 100 அடி உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்று செய்தி வந்துவிடுகிறது. இது சுனாமிக்கு அறிகுறியா? ஏன் அந்த நாட்களில் நடக்கிறது? கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? இதுதான் கேள்வி.

முதலில் பயத்துக்குப் பதில். இது சுனாமி அறிகுறி இல்லை. கடலின் வழக்கமான வற்றம்தான். தினமும் இரண்டு முறை கடல் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. இதைத்தான் ஓதம் என்கிறோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் கூடுதலாக இருப்பதால் கண்ணில் படுகிறது. நேரத்தையும் அளவையும் ஓராண்டுக்கு முன்பே கணக்கிட்டு அட்டவணையாக வெளியிடுகிறார்கள். அந்த அட்டவணை கடலோரத்தில் வாழாதவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் கடலில் சாதாரணமாக நடப்பது எது என்று தெரியாதவருக்கு அசாதாரணமானது வரும்போதும் தெரியாது.

அந்த 100 அடியைப் பார்த்துவிடுவோம். பயமெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அது கிடைமட்டத் தூரம். கடல் மட்டம் கீழே இறங்கிய அளவு அது இல்லை. 50 அடி நடந்தால் ஓர் அடி இறங்குகிற சரிவான கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீர்மட்டம் இரண்டே அடி தாழ்ந்தாலும் கரைக்கோடு 100 அடி பின்னால் போய்விடும். பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். நேற்று அலையடித்த இடத்தில் இன்று நடக்கலாம். நடந்தது என்னவோ இரண்டடி இறக்கம்தான். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி தண்ணீர் நிற்கும், ஆனால் அது செய்தியாவதில்லை.

சரி, கடல் ஏன் ஏறி இறங்குகிறது? நிலா கடல்நீரைத் தன் பக்கம் இழுக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படியென்றால் நிலா இருக்கும் பக்கத்தில் மட்டும்தானே கடல் ஏற வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு முறைதானே ஏற வேண்டும்? இரண்டு முறை ஏறுவது எப்படி?

இங்கே முக்கியம் இழுப்பு இல்லை, இழுப்பில் இருக்கிற வித்தியாசம். நிலாவின் ஈர்ப்பு தூரம் கூடக்கூடக் குறையும். நிலாவைப் பார்த்த பக்கத்துக் கடலை அது கொஞ்சம் அதிகமாக இழுக்கிறது, பூமியின் நடுப்பகுதியை அதைவிடக் குறைவாக, எதிர்ப்பக்கத்துக் கடலை இன்னும் குறைவாக. பூமி மொத்தமாக அந்த நடுப்பகுதிக்கான இழுப்புக்கு ஏற்றபடி நகர்கிறது. அதனால் அருகே உள்ள நீர் பூமியை முந்திக்கொண்டு நிலா பக்கம் போகப் பார்க்கிறது, மறுபக்கத்து நீர் பூமியை விடப் பின்தங்குகிறது. இரண்டு பக்கமும் புடைப்பு. நடுவில் சுற்றிலும் தாழ்வு. பூமி சுழலும்போது ஓர் ஊர் இரண்டு புடைப்பையும் இரண்டு தாழ்வையும் கடந்து போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பல விளக்கங்களில் இது விட்டுப்போகிறது. இந்த வித்தியாச விசை மிக மிகச் சிறியது. பூமியின் ஈர்ப்பில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய விசையால் தண்ணீரை நேராக மேலே தூக்கவே முடியாது. அது செய்வது வேறு. பூமியின் மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நீரைத் தள்ளுகிறது. பக்கவாட்டில் போவதைப் பூமியின் ஈர்ப்பு தடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள பெருங்கடல் முழுவதும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரிடத்தில் சேரும்போதுதான் மட்டம் உயர்கிறது. நம் ஊர் ஏரி குளத்தில் ஓதம் தெரியாததற்குக் காரணமும் இதுதான். அங்கே நகர்ந்து வந்து சேர்வதற்குப் போதிய தூரம் இல்லை.

சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. பூமியைச் சூரியன் இழுக்கும் விசை நிலாவின் இழுப்பைப் போல 180 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் ஓதத்தில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை, சுமார் 46 சதவீதம்தான். ஓதத்தை உண்டாக்குவது இழுப்பின் வித்தியாசம் என்றேன் அல்லவா, அந்த வித்தியாசம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது, அதாவது தூரம் இரண்டு மடங்கானால் வித்தியாசம் எட்டில் ஒரு பங்காகிவிடும். சூரியன் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அதன் இழுப்பில் பெரிய வேறுபாடு இல்லை.

இப்போது அமாவாசை, பௌர்ணமிக்கு வருவோம். அந்த இரண்டு நாட்களிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. சூரியன் உண்டாக்கும் புடைப்பும் நிலா உண்டாக்கும் புடைப்பும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. ஏற்றம் அதிகமாக ஏறும், வற்றம் அதிகமாக வற்றும். அமாவாசையன்று நிலா கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பௌர்ணமிக்குச் சமமான விளைவுதான். ஒளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அஷ்டமி வாக்கில் நிலவும் சூரியனும் செங்கோணத்தில் நிற்கின்றன. நிலாவின் தாழ்வில் சூரியனின் புடைப்பு வந்து விழுகிறது. அதனால் அந்த நாட்களில் கடல் பெரிதாக ஏறுவதும் இல்லை, வற்றுவதும் இல்லை.

சென்னைத் துறைமுகத்தின் அளவுகளில் இதைப் பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சராசரி ஏற்றம் 1.15 மீட்டர், சராசரி வற்றம் 0.14 மீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அஷ்டமியை ஒட்டி ஏற்றம் 0.84, வற்றம் 0.43. வித்தியாசம் 0.41 மீட்டர்தான். ஒரே ஊர், ஒரே கரை, ஒரு வார இடைவெளியில் ஏற்ற இறக்கம் இரண்டரை மடங்கு மாறுகிறது.

பல இடங்களில் இந்தப் பெரிய ஓதம் சரியாக அமாவாசையன்றோ பௌர்ணமியன்றோ வராது. ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். கடல்நீருக்கு எடை உண்டு, உராய்வு உண்டு, விசை கூடிய உடனே அது முழுதாக எதிர்வினை காட்டிவிடாது. நிலா பூமிக்கு அருகே வரும் நாளும் இதோடு சேர்ந்தால் ஓதம் இன்னும் பெரிதாகும். அருகில் இருக்கும்போது நிலாவின் தூரம் சுமார் 3,63,000 கிலோமீட்டர், தொலைவில் இருக்கும்போது சுமார் 4,05,000. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் மும்மடிக் கணக்கில் ஓத விசை கிட்டத்தட்ட 40 சதவீதம் மாறுகிறது. எல்லாப் பௌர்ணமிக்கும் செய்தி வராமல் சிலவற்றுக்கு மட்டும் பெரிதாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து நேரம். இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஓர் எண்: 50 நிமிடம். பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் முன்னே போய்விடுகிறது. அதே நிலா மறுபடி நம் தலைக்கு மேல் வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதனால் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். இன்று காலை 6 மணிக்கு ஏற்றம் என்றால் நாளை காலை 6.50 வாக்கில், மறுநாள் 7.40 வாக்கில். அன்றாடம் இது சில நிமிடங்கள் முன்னே பின்னே இருக்கும், சராசரி இதுதான்.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் அழகான விஷயம் வருகிறது. தினமும் 50 நிமிடம் தள்ளிப்போனால் பதினைந்து நாளில் கிட்டத்தட்ட பன்னிரண்டரை மணி நேரம் தள்ளியிருக்கும். அதாவது கடிகாரத்தில் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடும். அதனால் ஒரு குறிப்பிட்ட ஊரில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் வரும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுகள் காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டியவை, கடல் நீர்மட்டம் தாழ்ந்ததால் தாமதமாகக் கிளம்பின என்று அடிக்கடி படிக்கிறோம். அந்தத் தாமதம் பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டிக் காலை வேளையில் வருவது தற்செயல் இல்லை. பெரிய வற்றம் அந்த ஊருக்கு வரும் மணி அது. பஞ்சாங்கத்தில் திதி பார்க்கத் தெரிந்தவர் தன் ஊரில் ஓர் அமாவாசையின் வற்ற நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், மற்ற நாட்களுக்குத் திதிக்கு 50 நிமிடம் கூட்டி உத்தேசமாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் ஓர் ஊரின் நேரத்தை இன்னோர் ஊருக்கு எடுத்துப்போகக் கூடாது. நிலா உச்சிக்கு வரும்போதுதான் கடல் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. பூமத்திய ரேகையில் நிலாவுக்கு நேர் கீழே உள்ள புள்ளி மணிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓதம் என்பது மிக நீண்ட ஓர் அலை. அதன் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர்தான் போக முடியும். நிலாவைத் துரத்திப் பிடிக்க 20 கிலோமீட்டருக்கு மேல் ஆழமான கடல் வேண்டும், அப்படி ஒரு கடல் பூமியில் இல்லை. கரையை நெருங்கி ஆழம் 10 மீட்டர் ஆனால் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. போதாததற்குக் கண்டங்கள் குறுக்கே நிற்கின்றன. அலை மோதித் திரும்புகிறது, சுழல்கிறது, வளைந்து போகிறது. அதனால் நிலா உச்சிக்கு வந்து எத்தனை மணி நேரம் கழித்து ஏற்றம் வரும் என்பது ஊருக்கு ஊர் வேறு. சென்னை அட்டவணையை வைத்துக்கொண்டு திருச்செந்தூரில் இறங்கினால் கணக்கு முழுதாகத் தப்பும். கிட்டே இருக்கும் துறைமுகத்தின் அட்டவணைதான் வேண்டும், திருச்செந்தூருக்கு அது தூத்துக்குடி.

அளவும் அப்படித்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. நடுக்கடலில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இலங்கையைச் சுற்றியும் தமிழ்நாட்டின் தென்கோடியிலும் பெரிய ஓத நாட்களில்கூட ஒரு மீட்டரை எட்டுவதில்லை. வடக்கே போகப்போகக் கூடுகிறது. ஒடிசாவின் சாந்திப்பூரில் கரை மிகத் தட்டையாக இருப்பதால் வற்றத்தின்போது கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும், தினமும் இரண்டு முறை. அங்கே யாருக்கும் அது அதிர்ச்சி இல்லை, சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். மும்பையில் ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை ஏற்றத்தில் மூழ்கிவிடும். குஜராத்தில் காம்பட் வளைகுடாவின் பாவ்நகரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 10 மீட்டரைத் தாண்டுகிறது, மூன்று மாடி உயரம். பாவ்நகர் பக்கத்தில் கோலியாக் என்ற ஊரில் கடலுக்குள் இருக்கும் நிஷ்களங்க மகாதேவர் கோயிலுக்கு வற்றத்தில்தான் நடந்து போக முடியும்.

அதே நிலா, அதே சூரியன். காம்பட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு? வளைகுடாவின் வாய் அகலம், உள்ளே போகப்போகக் குறுகலும் ஆழக்குறைவும். உள்ளே நுழைந்த நீர் ஒடுங்கி உயர்கிறது. இதோடு அந்த நீர்ப்பரப்புக்கென்று இயல்பான ஓர் ஆட்டக் காலம் உண்டு. ஓதம் தள்ளும் கால இடைவெளியும் அதுவும் ஒத்து வரும்போது, சரியான நேரத்தில் தள்ளிவிட்ட ஊஞ்சல் போல ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போவதற்கும் இதுதான் காரணம். தமிழ்நாட்டுக் கரைக்கு இப்படிப்பட்ட வளைகுடா எதுவும் வாய்க்கவில்லை.

நம் ஓதம் சிறியது என்பதற்கு ஒரு விலையும் உண்டு. அடையாறு, கூவம் போன்ற ஆறுகளின் முகத்துவாரத்தில் மணல் திட்டு சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. ஓதம் பெரிதாக இருக்கும் இடங்களில் தினமும் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வரும் நீரே வாயைத் திறந்து வைக்கும். ஒரு மீட்டர் ஓதத்துக்கு, அதுவும் ஆற்றில் நீரோட்டம் இல்லாத மாதங்களில், அந்த வலு இல்லை.

இனி அட்டவணையைப் படிக்கும் முறை. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தன் இணையதளத்தில் இந்த நேரங்களைத் தருகிறது. ஒரு நாளுக்கு நான்கு வரிகள் இருக்கும்: இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொன்றுக்கும் நேரம், பக்கத்தில் மீட்டரில் உயரம். சில நாட்களில் மூன்று வரிகள்தான் இருக்கும். 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போவதால் ஒன்று நள்ளிரவைத் தாண்டி மறுநாள் கணக்கில் போயிருக்கும், அச்சுப்பிழை இல்லை.

உயரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். அது நாம் பேசும் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவதில்லை. மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டி ஓர் அடிக்கோடு வைத்து அங்கிருந்து அளக்கிறார்கள். கப்பல் தரை தட்டக் கூடாது, அதனால் குறைந்தபட்ச ஆழம் தெரிய வேண்டும், அதற்கான ஏற்பாடு. சென்னையில் சராசரிக் கடல் மட்டமே இந்த அடிக்கோட்டிலிருந்து சுமார் 0.65 மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே அட்டவணையில் 0.14 என்று இருந்தால் கடல் தன் சராசரியை விட அரை மீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்களே, அந்தச் சராசரி மட்டமும் ஓதத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து எடுத்ததுதான். இந்தியாவுக்கு அதை முதலில் வகுத்தபோது அளவெடுத்த துறைமுகங்களில் சென்னையும் நாகப்பட்டினமும் இருந்தன.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் நீர் சீராக மாறாது. முதல் மணி நேரத்தில் மொத்த மாற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. பாதி மாற்றம் நடுவில் உள்ள இரண்டே மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. வற்றத்தில் பாறைமேல் ஏறி நிற்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் அசையாதது போல இருக்கும், அதை நம்பி நின்றால் திரும்பும் வழியில் தண்ணீர் வந்திருக்கும்.

இந்தக் கணிப்பின் துல்லியம் எனக்கு இன்றும் வியப்புத்தான். 1687-இல் நியூட்டன் காரணத்தைச் சொன்னார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1770-களில் ஓதத்தை ஓடும் அலையாக வைத்துக் கணக்கிட்டார். 1870-களில் பிரிட்டிஷ் இயற்பியலாளர் கெல்வின், நிலாவின் பங்கு, சூரியனின் பங்கு, நிலா அருகே வருவதன் பங்கு என்று தனித்தனி அலைகளாகப் பிரித்துக் கூட்டும் பல்சக்கர இயந்திரம் ஒன்றைச் செய்தார். ஒரு துறைமுகத்தில் போதிய காலம் நீர்மட்டத்தை அளந்து அந்த ஊருக்கான எண்களைப் பிடித்துவிட்டால், அதன் பிறகு வானத்துக் கணக்கே போதும். இன்று கணினி செய்வதும் அதே கூட்டல்தான்.

ஆனால் அட்டவணைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றைய காற்றும் மழையும் அதற்குத் தெரியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கரை நோக்கி நாள்கணக்கில் அடிக்கும் காற்று நீரைக் குவிக்கும். கரையிலிருந்து வெளியே அடிக்கும் காற்று நீரை இழுத்துப் போகும், அப்போது வற்றம் அட்டவணையை விடத் தாழ்வாக இருக்கும். சென்னைக் கடலில் பருவத்துக்குப் பருவமும் மட்டம் மாறுகிறது, வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் அதிகம். மழைநீர் கடலுக்குள் வடிய வேண்டிய அதே மாதங்களில் கடலும் உயர்ந்து நிற்கிறது. புயல் மழையோடு ஏற்ற நேரமும் சேர்ந்தால் தண்ணீர் வடியத் தாமதமாவது இதனால்தான்.

கடைசியாக, சுனாமியிலிருந்து ஓதத்தைப் பிரித்தறிவது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள்தான், அதனால் பலர் மனதில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. சுனாமியைக் கொண்டுவந்தது சுமத்ரா அருகே நடந்த நிலநடுக்கம், நிலா அல்ல. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. ஓத வற்றம் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் நின்று பார்த்தால் நகர்வதே தெரியாது. கண்ணெதிரே சில நிமிடங்களில் கடல் பின்னால் ஓடினால் அது ஓதம் இல்லை. உடனே உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். சுனாமி என்றால் முதலில் கடல் உள்வாங்கியே தீரும் என்பதும் சரியில்லை. 2004-இல் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் பின்வாங்கியது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்த முதல் அலை மட்டம் ஏறியபடியேதான் வந்தது. அதனால் உள்வாங்கலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் அரசின் எச்சரிக்கையை நம்புங்கள். 2007-இலிருந்து அதற்கான மையம் இன்காய்ஸில் இயங்குகிறது.

தென்மாவட்டக் கரைகளில் சுனாமியை விட அடிக்கடி வருகிற ஆபத்து கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடிக்கும் புயல் எழுப்பிய நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாட்கள் கழித்துக் கேரளக் கரைக்கும் கன்னியாகுமரிப் பக்கமும் வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப்போனபோது இந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. அமாவாசையை ஒட்டிய நாள் வேறு. கடலோரம் போவதற்கு முன் ஓத நேரத்தோடு இன்காய்ஸின் அலை எச்சரிக்கையையும் பாருங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் அட்டவணை வற்றம் என்று காட்டினாலும் பாறைமேல் போகாதீர்கள். வற்றத்திலும் அந்த அலை கரை ஏறும்.